ஞானஸ்நானமும் உபநயனமும்

(நமது சங்கத்தின் புணே கிளை மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை. பேச்சு நடையை அதிகம் மாற்றாமல் எழுதித் தந்திருக்கிறேன்.)

 

காரியதரிசி என்னை ஷோடச ஸம்ஸ்காரங்களைப் பற்றிப் பேசச் சொன்னார். 45 நிமிஷத்தில் 16 ஸம்ஸ்காரங்கள் என்றால் ஒன்றுக்கு 3 நிமிஷம்கூடத் தேறாது. அது ஜாபிதா வாசிப்பதாகத்தான் முடியும். ஆகவே அவரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு விஷயத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டேன். அதற்குக் காரணம், போன கூட்டம் முடிந்து காபி சாப்பிடும்போது ஒரு பெண்மணி கேட்ட கேள்வி.

"மாமா, எங்காத்துப் பிள்ளையோட படிக்கிற பையனோட தங்கைக்கு சர்ச்சுல பேப்டிஸம்னு கூப்பிட்டிருந்தா. போயிட்டு வந்தோம். வந்ததுலேர்ந்து இவன் துளைச்சு எடுக்கறான். 'அந்தப் பாப்பா தலையில எதுக்குத் தண்ணி விட்டா? எனக்குப் பூணல் போட்டப்போ என்ன பண்ணினேள்?'னு கேக்கறான். எனக்கு ரெண்டுக்குமே பதில் தெரியலை" என்றார்.

இரண்டுக்குமே பதில் தெரியவில்லை என்று அவர் சொன்னதுதான் என்னை யோசிக்க வைத்தது. நான் வைதிகனும் இல்லை, பாதிரியும் இல்லை. ரயில்வே கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆனால் மும்பையில் பாந்த்ரா பக்கம் 22 வருஷம் குடியிருந்தேன். சுற்றிலும் கோவா, மங்களூர் கத்தோலிக்கக் குடும்பங்கள். அவர்கள் வீட்டு ஞானஸ்நானங்கள் மூன்றுக்குப் போயிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அங்கே நடப்பதைப் பார்க்கப் பார்க்க, நம் வீட்டு உபநயனத்தில் என்ன நடக்கிறது என்று புஸ்தகத்தைப் புரட்டிப் பார்க்கத் தோன்றும். அப்படிப் புரட்டியதில் கிடைத்ததைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

முதலில் அவர்களுடைய சடங்கு. 'பாப்டிஸோ' என்ற கிரேக்கச் சொல்லுக்கு முக்குதல், அமிழ்த்துதல் என்று பொருள். யோர்தான் நதியில் யோவான் என்பவர் ஜனங்களுக்கு முழுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஏசுவும் அவரிடம் போய் முழுக்குப் பெற்றுக்கொண்டார் என்பது அவர்கள் வேதம் சொல்லும் வரலாறு. கிரேக்க, ருஷ்ய ஆர்த்தடாக்ஸ் சபைகளில் இன்றும் குழந்தையை மூன்று தடவை தண்ணீரில் முக்கி எடுக்கிறார்கள். கத்தோலிக்கர்கள் பெரும்பாலும் தலையில் மூன்று தடவை தண்ணீர் விடுகிறார்கள். பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்று மூன்று திருநாமங்கள், நாமத்துக்கு ஒரு தடவை.

ஆனால் தண்ணீர் விடுவது நடுவில் வரும் விஷயம். அதற்கு முன்னால் கோவில் வாசலிலேயே பாதிரியார் குடும்பத்தை எதிர்கொண்டு வரவேற்கிறார். குழந்தைக்கு என்ன பெயர் என்று கேட்கிறார். திருச்சபையிடம் என்ன வேண்டி வந்தீர்கள் என்று கேட்கிறார். அதன் பிறகு கேட்கும் கேள்வியைக் கவனியுங்கள். 'இந்தக் குழந்தையை நம் மார்க்கத்தில் வளர்க்கும் பொறுப்பை ஏற்கிறீர்கள். அது எப்பேர்ப்பட்ட பொறுப்பு என்று தெரிந்துதான் ஏற்கிறீர்களா?' என்ற அர்த்தத்தில் அப்பா, அம்மாவைப் பார்த்துக் கேட்கிறார். தெரியும் என்று அவர்கள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பிறகு ஞானப்பெற்றோர் பக்கம் திரும்பி, இவர்களுக்குத் துணை நிற்கத் தயாரா என்று கேட்கிறார். அவர்களும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இது ஆன பிறகுதான் எண்ணெய், தண்ணீர், வெள்ளை வஸ்திரம் எல்லாம். கடைசியில் கோவிலில் எரியும் பெரிய பாஸ்கா மெழுகுதிரியிலிருந்து ஒரு சின்னத் திரியை ஏற்றிக் குடும்பத்தார் கையில் கொடுக்கிறார்கள்.

இதன் தாத்பர்யம் என்ன? வெறும் அழுக்கு நீக்கம் இல்லை. பவுல் என்ற அவர்களுடைய ஆசார்யர், தண்ணீரில் மூழ்குவது மரணம், எழுந்து வருவது கிறிஸ்துவோடு கூடிய புது வாழ்வு என்று விளக்கம் தந்திருக்கிறார். யோவானின் சுவிசேஷம் இதை மறுபிறப்பு என்றே சொல்கிறது. நமக்குப் பழக்கமான வார்த்தை ஞாபகம் வருகிறதல்லவா? 'த்விஜன்', இரண்டு தடவை பிறந்தவன். தாய் தந்தையர் சரீரத்தைத்தான் தருகிறார்கள், ஆசார்யன் வித்யையிலிருந்து இவனைப் பிறப்பிக்கிறான், அதுவே உயர்ந்த ஜன்மம் என்கிறார் ஆபஸ்தம்பர் தம் தர்ம ஸூத்ரத்தின் தொடக்கத்திலேயே. அதர்வ வேதம் இன்னும் ஒரு படி மேலே போய், ஆசார்யன் ப்ரஹ்மசாரியை மூன்று ராத்திரி தன் கர்ப்பத்தில் தாங்குகிறான் என்று சொல்கிறது. ஒரு ஆண்மகனைக் கர்ப்பம் தாங்குபவனாகச் சொல்ல அந்த ரிஷிக்குக் கூச்சமே இல்லை!

இந்த இடத்தில் ஒரு சரித்திரச் செய்தி. 'ஞானஸ்நானம்' என்ற அழகான சொல், ஸம்ஸ்க்ருதம் கலந்த நம் பழைய தமிழின் ஜாடையில் அமைந்த மிஷனரிச் சொல். இப்போது கத்தோலிக்கர்கள் 'திருமுழுக்கு' என்கிறார்கள். ராபர்ட் டி நோபிலி என்ற இத்தாலியப் பாதிரியார் 1606-ல் மதுரைக்கு வந்தார். காவி கட்டினார், மாமிசத்தை விட்டார், ஒரு ப்ராம்மணரிடம் ஸம்ஸ்க்ருதம் படித்தார். அவரிடம் ஞானஸ்நானம் பெற்றவர்கள் பூணூலையும் குடுமியையும் வைத்துக்கொள்ளலாமா என்று பெரிய வழக்கு எழுந்தது. அவை குலத்தின் அடையாளங்கள், மத அடையாளங்கள் அல்ல என்பது நோபிலியின் வாதம். வழக்கு ரோமாபுரி வரை போயிற்று. 1623-ல் போப் பதினைந்தாம் கிரிகோரி சில நிபந்தனைகளுடன் அனுமதி கொடுத்தார். நம் பூணூல் விவகாரம் போப்பின் மேஜைக்குப் போயிருக்கிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அவருடைய வாதம் நமக்குச் சம்மதமா? எனக்குச் சம்மதமில்லை. பூணூலிலிருந்து ஸந்த்யாவந்தனத்தைக் கழித்துவிட்டால்தான் அது வெறும் குல அடையாளமாக மிஞ்சும். ஆனால் நாமே இன்று அந்தக் கழித்தலைச் செய்துகொண்டிருக்கிறோமோ என்று சந்தேகம் வருகிறது. நோபிலியிடம் வாதாட நமக்கு இப்போது என்ன முகாந்திரம் இருக்கிறது?

இன்னொன்றும் உண்டு. அந்தக் காலத்து லத்தீன் ஞானஸ்நான முறையில் பாதிரியார் தம் விரலில் உமிழ்நீர் தொட்டுக் குழந்தையின் காதிலும் மூக்கிலும் வைப்பார். ஏசு ஒரு செவிடரைக் குணப்படுத்திய நிகழ்ச்சியை ஒட்டி வந்த வழக்கம் அது. எச்சில் என்றால் நம் ஊரில் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? மதுரை மிஷன் பாதிரியார்கள் ஜனங்களின் அருவருப்பைப் பார்த்து அதைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டார்கள். போப்பின் தூதர் தூர்னோன் புதுச்சேரிக்கு வந்து, அப்படி விடக்கூடாது என்று 1704-ல் உத்தரவு போட்டார். பல வருஷம் இழுபறி நடந்தது. கடைசியில் 1969-ல் ரோமாபுரியே சடங்கைத் திருத்தி அமைத்தபோது, காதையும் வாயையும் கட்டை விரலால் தொட்டால் போதும் என்று ஆயிற்று. எது சடங்கின் உயிர், எது வெளிக்கூடு என்ற கேள்வி நமக்கு மட்டும் உரியதல்ல என்பதற்காக இதைச் சொன்னேன்.

சரி, இப்போது அந்தப் பையனின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். 'எனக்குப் பூணல் போட்டப்போ என்ன பண்ணினேள்?'

பூணூல் கல்யாணம் என்றே பேர் வைத்துவிட்டதால், பூணூல் போடுவதுதான் முக்கியம் என்று நினைக்கிறோம். 'உபநயனம்' என்றால் அருகே அழைத்துச் செல்வது. யாருக்கு அருகே? ஆசார்யனுக்கு அருகே. அந்த அழைத்துக்கொள்வது எந்த நிமிஷத்தில் நடக்கிறது? ஆபஸ்தம்ப க்ருஹ்ய ஸூத்ரத்தைப் பாருங்கள். அக்னிக்கு வடக்கே தர்ப்பையைப் பரப்பி, அதன் மேல் பையனை நிற்க வைக்கிறார்கள். ஆசார்யன் தன் இரண்டு கைகளையும் அஞ்ஜலியாகச் சேர்த்து அதில் ஜலத்தை நிரப்பிக்கொள்கிறான். பையனும் அஞ்ஜலி பிடிக்கிறான். ஆசார்யனின் அஞ்ஜலியிலிருந்து பையனின் அஞ்ஜலிக்கு ஜலம் விழுகிறது. அந்த ஜலத்தால் பையன் மூன்று தடவை தன்னை ப்ரோக்ஷித்துக்கொள்கிறான். ருக்வேதிகளுக்கான ஆச்வலாயன ஸூத்ரத்திலும் இந்த அஞ்ஜலி ஜலம் உண்டு.

நம்மிடமும் தண்ணீர் விழுகிறது, மூன்று தடவை தெளிக்கப்படுகிறது. ஆனால் ஒரு வித்தியாசம். அங்கே பாதிரியார் தண்ணீர் விடுகிறார், குழந்தை பெற்றுக்கொள்கிறது. இங்கே அப்பாவின் கையில் இருந்தது பிள்ளையின் கைக்கு வருகிறது, பிள்ளை தானே தெளித்துக்கொள்கிறான். ஏனென்றால் எட்டு வயசுப் பையன் கைக்குழந்தை இல்லை. பாதி தெரிந்தவன், பாதி தெரியாதவன்.

இதற்கு அடுத்த நிமிஷம் ஆசார்யன் பையனின் வலது கையைப் பிடிக்கிறான். அப்போது சொல்லும் மந்த்ரங்களின் கருத்து, அக்னி உன் கையைப் பிடித்தான், ஸோமன் பிடித்தான், ஸவிதா பிடித்தான் என்று போகிறது. அக்னியே உன் ஆசார்யன் என்றும் வருகிறது. அப்பா தன் கையால்தான் பிடிக்கிறார், ஆனால் அது தன் கை இல்லை என்று சொல்லிக்கொண்டே பிடிக்கிறார். பிறகு பரிதானம், அதாவது பிள்ளையை தேவதைகளிடம் ஒப்படைத்தல். அக்னியிடம், ஸோமனிடம், ஸரஸ்வதியிடம் ஒப்படைப்பது நமக்குப் புரிகிறது. அந்த வரிசையில் ம்ருத்யுவும் யமனும் வருகிறார்கள். ஜலமும், செடி கொடிகளும், பூமியும் வருகின்றன. பெற்ற பிள்ளையை ஒரு தகப்பன் யமனிடம் பெயர் சொல்லி ஒப்படைக்கிறான்: 'இவன் உன் பொறுப்பு, பார்த்துக்கொள்' என்று. மூழ்குவது மரணம், எழுவது ஜீவன் என்று பவுல் சொன்னதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்? நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

நான் பார்த்த உபநயனங்களில் இந்தக் கட்டம் எப்படிப் போகிறது தெரியுமா? முஹூர்த்தத்துக்கு இன்னும் பத்து நிமிஷம்தான் என்று வாத்தியார் அவசரப்படுவார். பட்டு மூடி ப்ரஹ்மோபதேசம் நடப்பதைப் படம் எடுக்க வீடியோக்காரர் நல்ல இடமாகப் பிடித்து உட்கார்ந்திருப்பார். அஞ்ஜலி ஜலம் அவருக்குத் தெரியாது. ஒரு வீட்டில் அவர் அதைத் தற்செயலாகப் பார்த்துவிட்டு, "சார், ஒன்ஸ் மோர்" என்றார். அப்பாவும் இன்னொரு தடவை தண்ணீர் விட்டார். கூட்டத்தில் மாமிகள் புடவை பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். மாமாக்கள் மட்டும் என்ன செய்தோம்? ஐ.டி. கம்பெனிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

பிறகு ஆசார்யன் பையனிடம் கட்டளைகளைச் சொல்வது வருகிறது. நீ ப்ரஹ்மசாரி, கர்மாவைச் செய், தூங்கிக் கிடக்காதே, பிக்ஷை எடு, ஆசார்யனுக்கு அடங்கி இரு என்ற மாதிரி. ஒவ்வொன்றுக்கும் பையன் 'பாடம்' என்று பதில் சொல்ல வேண்டும். ஸம்ஸ்க்ருதத்தில் அதற்கு 'அப்படியே' என்று அர்த்தம். நம் குழந்தைகள் ஸ்கூல் பாடம் என்று நினைத்துக்கொண்டு சொல்கிறார்கள். அதுவும் பொருத்தம்தான், போகட்டும்.

இங்கே எனக்கு முதலில் ஒரு குறை தோன்றியது. சர்ச்சில் கேள்வி பெற்றோரிடம் கேட்கப்படுகிறது, நம்மிடம் பிள்ளையிடம் மட்டும் கேட்கிறார்களே, அப்பாவிடம் யார் கேட்கிறார்கள் என்று. ஒரு கனபாடிகளிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்தார். "கேக்காம என்ன? முதல்ல அவனைத்தான் கேக்கறோம். ஸங்கல்பத்தை நீங்க காது குடுத்துக் கேட்டாத்தானே!" என்றார். உபதேசம் செய்கிறவனுக்கு அந்த யோக்யதை வரவேண்டும் என்பதற்காக க்ருச்ர ப்ராயச்சித்தமும் காயத்ரீ ஜபமும் விதிக்கப்பட்டிருக்கின்றன. அதாவது, 'உன்னிடம் இருக்கிறதா, கொடுப்பதற்கு?' என்று சாஸ்த்ரம் அப்பாவைக் கேட்கிறது. நாம் அதற்குப் பதிலாக ஒரு தக்ஷிணையை வெற்றிலைமேல் வைத்துவிட்டு எழுந்துவிடுகிறோம். காலி அஞ்ஜலியிலிருந்து என்ன விழும்?

இந்த விஷயத்தில்தான் நாம் கத்தோலிக்கர்களிடம் ஒன்று கற்றுக்கொள்ளலாம் என்பது என் அபிப்ராயம். அதுதான் ஞானத்தந்தை, ஞானத்தாய் என்ற ஏற்பாடு. அது வெறும் கௌரவப் பட்டம் இல்லை. 1983-ல் வந்த அவர்களுடைய திருச்சபைச் சட்டத்தில் அதற்குத் தகுதி எழுதி வைத்திருக்கிறார்கள். 16 வயசு நிரம்பியிருக்க வேண்டும், தானே அந்த மார்க்கத்தில் ஒழுங்காக நடப்பவராக இருக்க வேண்டும், குழந்தையின் அப்பாவோ அம்மாவோ அந்த இடத்துக்கு வரக்கூடாது. கடைசி விதியை நன்றாகக் கவனிக்க வேண்டும். பெற்றவர்கள் தவிர வெளியிலிருந்து ஒருவர் பொறுப்பேற்க வேண்டும்.

பாந்த்ராவில் என் பக்கத்துக் குடித்தனக்காரர், மங்களூர்க்காரர், ஒரு நண்பரின் பெண்ணுக்கு ஞானத்தந்தை. அந்த நண்பர் திடீரென்று காலமாகிவிட்டார். இவர் சாதாரணக் குமாஸ்தா. அந்தப் பெண்ணுக்கு ஏழு வயதிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பஸ் பிடித்துப் போய், அவளை பூசைக்கு அழைத்துக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டு விடுவார். மழைக்காலத்தில் பாந்த்ராவில் தண்ணீர் எப்படி நிற்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். இடுப்பளவு தண்ணீரில் போய்க்கூடப் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் நான், "சொந்தத்தில் யாரும் இல்லையா?" என்று கேட்டுவிட்டேன். "இருக்கிறார்கள். ஆனால் மெழுகுதிரியைப் பிடித்தது நான்தானே" என்றார். வருஷா வருஷம் ஞானஸ்நானம் நடந்த தேதியில் அந்தப் பழைய திரியை எடுத்து ஏற்றுவார்களாம். எனக்கு என் உபநயனத் தேதி தெரியாது. இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? கையைத் தூக்க வேண்டாம்.

நம்மிடம் இந்த ஏற்பாடு இல்லை என்பதல்ல. தாத்தா இருந்தார், பெரியப்பா இருந்தார், அக்ரஹாரத்தில் எதிர் வீட்டுக் கனபாடிகள் இருந்தார். அப்பா வெளியூர் போனால் "என்னடா, அர்க்யம் விட்டாயா?" என்று கேட்க நாலு பேர் இருந்தார்கள். அதனால் ஞானத்தந்தை என்று தனியாக ஒருவரை வைக்க வேண்டிய அவசியம் வரவில்லை. இன்று புணேயிலோ ராய்ப்பூரிலோ ஜாம்ஷெட்பூரிலோ பன்னிரண்டாவது மாடியில் இருக்கும் பையனைக் கேட்க யார் இருக்கிறார்கள்? அப்பா காலை 7 மணிக்குப் போனால் இரவு 9 மணிக்கு வருகிறார். பரிதானம் செய்தாயிற்று, ஆனால் வாங்கிக்கொள்ள மனுஷர் யாரும் இல்லை.

ஒரே நாளில் நடக்கும் சடங்கு ஆயுசு முழுக்க எப்படி நிற்கிறது என்று நம் தேசத்திலுள்ள மற்றவர்களையும் பார்க்கலாம். பார்ஸிகளின் நவ்ஜோத்தில் குழந்தைக்கு 'நாஹன்' என்ற ஸ்நானம் செய்வித்து, ஸுத்ரே என்ற வெள்ளை அங்கியையும் குஸ்தி என்ற கயிற்றையும் தருகிறார்கள். ஆட்டு ரோமத்தில் 72 இழை கொண்ட கயிறு. இடுப்பில் மூன்று சுற்று. அதைத் தினமும் பல தடவை அவிழ்த்து, ப்ரார்த்தனை சொல்லி, மறுபடி கட்ட வேண்டும். ஸீக்கியர்களின் அம்ருதம் 1699 வைசாகியன்று ஆனந்த்பூரில் தொடங்கியது. இரும்புப் பாத்திரத்தில் தண்ணீரும் பதாஸாவும் சேர்த்து, இருமுனை வாளால் கலக்கிக்கொண்டே பாணிகளைச் சொல்வார்கள். குரு கோவிந்த் சிங் ஐந்து பேருக்கு அம்ருதம் கொடுத்துவிட்டு, அவர்கள் முன் மண்டியிட்டு அதே அம்ருதத்தைத் தாமும் கேட்டு வாங்கிக்கொண்டார். கொடுத்தவரே பெற்றுக்கொண்டார்! சர்ச் வாசலில் இருக்கும் தீர்த்தத் தொட்டியில் உள்ளே போகிறவர்கள் விரலை நனைத்துச் சிலுவைக் குறி இட்டுக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். ஞானஸ்நானம் ஒரு தடவைதான், மறுபடி செய்யக்கூடாது. அதை ஞாபகப்படுத்தத்தான் அந்த விரல் நுனித் தண்ணீர்.

நமக்கு அந்த ஞாபகம் ஸந்த்யாவந்தனத்தில் இருக்கிறது. ஸ்நானம் ஏழு விதம் என்று ஸ்ம்ருதிகள் சொல்கின்றன. ஜலத்தில் முழுகுவது வாருணம், விபூதி ஆக்நேயம், பசுக்களின் குளம்படித் தூசி வாயவ்யம், வெயிலோடு பெய்யும் மழை திவ்யம், ம்ருத்திகை பௌமம், பகவானை நினைப்பது மானஸம். ஏழாவது மந்த்ர ஸ்நானம். 'ஆபோஹிஷ்டா' சொல்லி மார்ஜனம் செய்கிறோமே, அதுதான். பிள்ளைக்குப் பால் கொடுக்கத் துடிக்கும் தாய்மார்களைப் போல, ஜலமே உன் ஸாரத்தை எங்களுக்குக் கொடு என்பது அந்த மந்த்ரத்தின் பாவம். ஆக அன்றைக்கு அப்பாவின் அஞ்ஜலியிலிருந்து வந்த தண்ணீரை, தினம் தினம் நம் கையால் நமக்கே மறுபடி தெளித்துக்கொள்கிறோம். கத்தோலிக்கர்களும் தண்ணீர் கிடைக்காமல் ஞானஸ்நானத்தை மனதார விரும்பி இறந்தவனுக்கு 'ஆசை ஞானஸ்நானம்' உண்டு என்கிறார்கள். நம் மானஸ ஸ்நானம் உடனே ஞாபகத்துக்கு வருகிறது.

படிப்பு முடிந்ததும் ஸமாவர்த்தனத்தில் இன்னொரு ஸ்நானம் உண்டு. அதைச் செய்தவன் ஸ்நாதகன். வடக்கே இருக்கிற நம் பிள்ளைகளின் டிகிரி சர்ட்டிபிகேட்டில் ஹிந்தியில் 'ஸ்நாதக்' என்று போட்டிருக்கிறதே, அந்த வார்த்தைதான். குளித்தவன் என்று பொருள். பி.காம். பாஸ் பண்ணினவன் குளித்தவன்!

வித்தியாசங்களை மழுப்புவதற்காக நான் இதையெல்லாம் சொல்லவில்லை. எல்லாம் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டால் எதையும் புரிந்துகொள்ள வேண்டிய சிரமம் இல்லை. ஞானஸ்நானம் ஜன்ம பாவத்தைப் போக்கி ஒருவரைத் திருச்சபையின் அங்கமாக்குகிறது என்பது அவர்கள் ஸித்தாந்தம். மனுவும் கர்ப்பத்தால், பீஜத்தால் வரும் தோஷங்களை ஸம்ஸ்காரங்கள் போக்குகின்றன என்கிறார். கேட்க ஒன்று போல இருந்தாலும், ஆதாம் செய்த பாவம் என்ற கருத்து நம்மிடம் கிடையாது. முக்கியமாக, ஞானஸ்நானத்துக்கு வாசலில் குலமோ ஆண் பெண் என்றோ கேட்பதில்லை. நம் உபநயனம் அப்படி இல்லை, இதை ஒளிக்க வேண்டியதில்லை. அதே சமயம், பழங்காலத்தில் ப்ரஹ்மவாதினிகள் என்ற பெண்களுக்கு உபநயனமும் வேதாத்யயனமும் இருந்தன என்று ஹாரீதர் சொல்லியிருக்கிறார். இதை வைத்துக்கொண்டு நாளைக்கே என்ன செய்வது என்று கேட்டால், அது வித்வான்கள் கூடிப் பேச வேண்டிய விஷயம். ஆனால் 'ஒரு காலத்திலும் இல்லை' என்று நம் பேத்திகளிடம் சொல்லாதீர்கள். அது உண்மையில்லை. பார்ஸிப் பெண் குழந்தை குஸ்தி கட்டிக்கொள்வதை அவள் ஸ்கூலில் பார்த்துவிட்டு வந்து உங்களிடம் கேட்பாள்.

அந்தப் பெண்மணியின் பிள்ளை கேட்டதற்கு என் பதில் இதுதான். 'பாப்பாவின் தலையில் தண்ணீர் விட்டது, அவளை ஒரு பெரிய குடும்பத்தில் புதிதாய்ப் பிறக்க வைக்க. உன் கையில் அப்பா தண்ணீர் விட்டது, தன்னிடம் இருப்பதை உனக்குத் தர. இன்றைக்கு அவர் ஆபீஸிலிருந்து வந்ததும் இன்னொரு தடவை விடச் சொல்.'

நம் கிளைக்கு ஒரு யோசனை. உபநயனம் ஆகும் ஒவ்வொரு பையனுக்கும், சொந்தக்காரர் அல்லாத ஒரு பெரியவரைக் கேட்டு வைக்கலாம். பெயர் ஒன்றும் வைக்க வேண்டாம், 'மாமா' போதும். ஒரு மண்டலம், 48 நாள், காலையில் அந்த மாமாவும் பையனும் சேர்ந்து ஸந்த்யாவந்தனம் செய்ய வேண்டும். ஒரே ஊரில் இல்லாவிட்டால் வீடியோ காலில். அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்தால் விசேஷம். ஒன்றும் தெரியாத அப்பாக்கள் பையனோடு சேர்ந்து கற்றுக்கொள்ளலாம், வெட்கப்பட வேண்டாம். குரு கோவிந்த் சிங்கே மண்டியிட்டு வாங்கிக்கொண்டார். மற்ற ஊர்க் கிளைகளிலும் இதை முயன்று பார்த்து, பத்திரிகைக்கு எழுதினால் எல்லோருக்கும் உபயோகமாக இருக்கும்.

கூட்டத்தில் ஒரு தகப்பனார், "மாமா, பையனுக்கு ஸ்கூல் பஸ் 6.40-க்கு வந்துடும். அவ்வளவு நேரத்துக்கு எங்கே போறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. காயத்ரீ 108 ஜபித்தால் அரை மணி ஆகும். பள்ளிக்கூட நாளில் 28 அல்லது 10 ஜபித்தால், பழகிய பையனுக்குக் கால் மணிக்குள் முடியும். ஞாயிற்றுக்கிழமை 108 வைத்துக்கொள்ளட்டும். முதல் வாரம் மட்டும் அவனுக்கு நேரம் அதிகம் ஆகும். அந்த வாரம் அரை மணி முன்னால் எழுப்ப வேண்டியது அப்பாதான், அலாரம் அல்ல. நேரம் தப்பிவிட்டால் விட்டுவிட வேண்டாம், ப்ராயச்சித்த அர்க்யம் என்று ஒன்று சேர்த்து விடுவதற்கு விதி இருக்கிறது. அடுத்த ஞாயிறு காலை 7 மணிக்கு இதே ஹாலில் முதல் வகுப்பு. பஞ்சபாத்திரம், உத்தரிணி கொண்டு வரவும். இல்லாதவர்கள் ஒரு டம்ளரும் ஸ்பூனும் கொண்டு வந்தால் போதும்.